பாட்டில் மாட்டிய ரயில்

அயர்லாந்தின் மேற்குக் கரைப் பக்கம் ரயில் பேச்சை எடுத்தால், யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். ஒரு பாட்டுக்காரர் ஒரு ரயில் கம்பெனியைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டினார். பாட்டு ஊரெல்லாம் பரவி, கம்பெனியின் மானம் கப்பலேறியது. பொறுக்க முடியாமல் கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. விசாரணை நாளன்று நீதிபதி வந்து உட்கார்ந்துவிட்டார், வக்கீல்கள் வந்துவிட்டார்கள், பாட்டுக்காரரை மட்டும் காணோம். வெகுநேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றவரை நீதிபதி கடிந்துகொண்டார். “மன்னிக்க வேண்டும் ஐயா, வெஸ்ட் கிளேர் ரயிலில் வந்தேன்” என்றாராம் அவர். அவ்வளவுதான், கேஸ் தள்ளுபடி!

கேட்க அலுக்காத கதை. ஆனால், கோர்ட்டுக்குப் போனது யார், எதற்காகப் போனார் என்று தேடிப் பார்த்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. உறுதியாகப் பதிவில் இருக்கும் வழக்கைப் போட்டவர் பாட்டுக்காரர். கூண்டில் மாட்டிக்கொண்டது கம்பெனி. அப்போது அந்தப் பாட்டு பிறக்கவே இல்லை.

பாட்டின் பெயர் ‘ஆர் யே ரைட் தேர், மைக்கேல்?’ வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கார்டு “என்ன மைக்கேல், போகலாமா?” என்று கேட்கிற கேள்வி. வரிகள் பெர்சி ஃப்ரெஞ்சுடையவை, மெட்டு அவருடைய கூட்டாளி ஹூஸ்டன் காலிசனுடையது. 1902-ல் வெளிவந்தது. ஐரிஷ் நகைச்சுவைப் பாட்டுகளைத் தொகுப்பவர்கள் எவரும் இதைத் தவிர்த்துவிட்டுப் போனதில்லை. பாட்டுக்குக் காரணமான ரயில் நின்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எட்டு மணிக் கச்சேரி

1896 ஆகஸ்ட் 10. கிளேர் மாவட்டத்தின் கடலோர ஊரான கில்கீயில் பெர்சி ஃப்ரெஞ்சுக்கு இரவு 8 மணிக்கு நிகழ்ச்சி. கில்கீ சின்ன ஊர்தான். ஆனால், குதிரைலாட வடிவில் ஒரு விரிகுடா, குளிக்க ஏற்ற மணற்கரை, இரு பக்கமும் பாறை என்று அமைந்த இடம். லிமரிக் நகரத்து வசதியான குடும்பங்கள் கோடையில் மூட்டைமுடிச்சோடு அங்கே போய்த் தங்குவது வழக்கம். எழுத்தாளர் சார்லட் பிராண்டி 1854-ல் தேனிலவுக்கு அங்கேதான் போனார். ரயில் வருவதற்கு முன்னால், லிமரிக்கிலிருந்து ஷானன் ஆற்றில் நீராவிப் படகில் கில்ரஷ் வரை போய், அங்கிருந்து குதிரை வண்டி பிடிக்க வேண்டும். 1892-ல் ரயில் வந்தது. ஆகஸ்ட் மாதம் என்றால் ஊர் நிரம்பி வழியும். பாட்டுக்காரருக்கு ஆண்டின் நல்ல வசூல் அந்தச் சில வாரங்களில்தான்.

காலையிலேயே ரயில் ஏறிவிட்டார் ஃப்ரெஞ்ச். என்னிஸ் நகரில் இறங்கி, அங்கே புறப்படும் வெஸ்ட் கிளேர் வண்டிக்கு மாற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பிற்பகலிலேயே கில்கீ போய்ச் சேர்ந்து, காலாற நடந்து, ஒரு தேநீரும் குடித்துவிட்டு மேடை ஏறியிருக்கலாம்.

வண்டி மில்டவுன் மல்பே வரை வந்து நின்றது. நின்றது நின்றதுதான். என்ஜினுக்குப் பிடித்த தண்ணீரோடு பாசியும் களையும் பாய்லருக்குள் போய்விட்டன. மாற்று என்ஜின் வந்து சேர மணிக்கணக்கானது. ஃப்ரெஞ்ச் கில்கீயில் கால் வைத்தபோது எட்டு மணி கடந்துவிட்டது. வந்திருந்த கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்து போயிருந்தது.

இந்தப் பாசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாட்டு கேட்டுச் சிரிப்பவர்கள் யாரும் இங்கே நிற்பதில்லை. நீராவி என்ஜினில் நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். பாசி போய்க் குழாயை அடைத்தால் பாய்லருக்குத் தண்ணீர் ஏறாது. மட்டம் இறங்கி, தகடு வெளியே தெரிந்து, நெருப்பின் சூட்டில் இளகினால் பாய்லர் வெடிக்கும். டிரைவரும் ஃபயர்மேனும் அங்கேயே முடிந்துபோவார்கள். அதனால், தண்ணீர் ஏறுமா என்று சந்தேகம் வந்தாலே வண்டியை நிறுத்து, நெருப்பை இறக்கு என்பது தொழிலின் பாலபாடம். அன்றைக்கு மில்டவுன் மல்பேயில் வண்டியை நிறுத்தியவர் செய்தது சோம்பேறித்தனம் அல்ல. அவர் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அயர்லாந்துக்கு ஒரு சிரிப்புப் பாட்டுக்குப் பதிலாக ஓர் ஒப்பாரி கிடைத்திருக்கும்.

ஆனால், கம்பெனியை அதற்காக விட்டுவிட முடியாது. பாசி பிடித்த தொட்டியைச் சுத்தம் செய்யாமல் வைத்திருந்தது யார்? ஓர் என்ஜின் படுத்தால் இன்னொன்றை உடனே அனுப்ப வழி வைக்காதது யார்? ஃப்ரெஞ்ச் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான். கச்சேரி கெட்டதற்கு நஷ்ட ஈடு கேட்டு என்னிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1897 தொடக்கத்தில் அவருக்குப் பத்துப் பவுண்டும் செலவுத் தொகையும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

பத்துப் பவுண்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு மறந்துபோயிருக்கும். அது அப்பீலுக்குப் போனது. அப்பீலை விசாரித்தவர் கிறிஸ்டோஃபர் பாலஸ். அயர்லாந்தின் ‘தலைமை பாரன்’ என்கிற பெரிய நீதிபதிப் பதவியில் 1874-லிருந்து 1916 வரை இருந்தவர், சட்ட நுணுக்கத்தில் புலி என்று பேரெடுத்தவர். அவர் முன்னால் போய், எங்கள் தொட்டியில் பாசி எப்படி வந்தது என்று வக்கீல் வைத்து விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமை. அப்பீலும் தோற்றது. அதே காலத்தில் லிமரிக்கைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருந்தார். என்னிஸ் பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தவரை ஒரு கழுதை தாக்கிவிட்டதாம். ரயில் கம்பெனி ஒன்று ஒரே நேரத்தில் பாசிக்கும் கழுதைக்கும் கோர்ட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் காட்சியைக் கற்பனை செய்ய நகைச்சுவை எழுத்தாளர் தேவையே இல்லை.

சாக்கடை இன்ஸ்பெக்டர்

பெர்சி ஃப்ரெஞ்ச் யார்? 1854-ல் ரோஸ்காமன் மாவட்டத்து க்ளூனிக்வின் என்ற ஊரில், நிலப்பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். புராட்டஸ்டன்ட், ஆங்கிலோ-ஐரிஷ் வகுப்பு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சிவில் என்ஜினீயரிங் படித்தார். படித்தார் என்பதைவிட அங்கே வெகுகாலம் இருந்தார் என்பது பொருத்தம். பாஞ்சோ வாசிப்பும் படம் வரைவதும் டென்னிஸும்தான் அவருக்கு முக்கியப் பாடங்கள். மாணவராக இருந்தபோதே 1877-ல் ‘அப்துல் அபுல்புல் அமீர்’ என்று ஒரு துருக்கியனும் ரஷ்யனும் வாள் சண்டை போடும் வேடிக்கைப் பாட்டு எழுதினார். அதற்கு முறையாகக் காப்புரிமை பதியவில்லை. லண்டன் பதிப்பாளர்கள் எடுத்துப் போட்டுக் காசு பார்த்தார்கள். உலகம் சுற்றிய அந்தப் பாட்டால் எழுதியவருக்கு லாபம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

பிறகு அரசாங்கப் பொதுப்பணி வாரியத்தில் வேலை. கேவன் மாவட்டத்தில் விவசாயிகள் அரசுக் கடன் வாங்கி நிலத்தில் வெட்டும் வடிகால்களைப் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்லும் வேலை. ‘சாக்கடை இன்ஸ்பெக்டர்’ என்று தன்னைத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வாய்க்காலைப் பார்த்த நேரத்தைவிட அங்கிருந்தவர்கள் பேச்சைக் கேட்ட நேரம் அதிகம் என்று அவர் பாட்டுகளைக் கேட்டாலே தெரியும். புல்லாங்குழல்காரர், மாட்டுச் சந்தைத் தரகர், மாடு இல்லாமல் கல்யாணம் பேச வராத மாப்பிள்ளை என்று அவருடைய பாத்திரங்கள் எல்லாருமே வரப்பில் சந்தித்தவர்கள். 1880-களின் கடைசியில் ஆட்குறைப்பில் வேலை போனது. ‘த ஜார்வி’ என்று ஒரு சிரிப்பு வாரப் பத்திரிகை நடத்திப் பார்த்தார், 1890-ஐத் தாண்டவில்லை. அடுத்த வருஷம் முதல் மனைவி பிரசவத்தில் இறந்தார். அதற்குப் பின் மேடைதான் சோறு போட்டது. பாடுவார், கதை சொல்வார், கரியால் மளமளவென்று படம் வரைந்து அதைத் தலைகீழாகத் திருப்பி வேறொரு படமாகக் காட்டிக் கைத்தட்டு வாங்குவார்.

அப்படி ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற மனிதருக்கு ரயில் தாமதம் என்பது வெறும் எரிச்சல் இல்லை, அன்றைய கூலி போவது. பாட்டில் கோபம் எங்கேயும் தலை காட்டுவதில்லை என்பதுதான் ஆச்சரியம். அதற்குக் காரணம் இடைவெளி என்று நினைக்கிறேன். 1896-ல் நடந்தது, 1902-ல் பாட்டானது. ஆறு வருஷத்தில் பத்துப் பவுண்டும் செலவாகி, ஆத்திரமும் ஆறியிருக்கும். நடுவில் அந்தச் சம்பவத்தை எத்தனை மேடையில், எத்தனை விருந்தில் வாயாலேயே சொல்லிச் சொல்லிப் பளபளப்பாக்கியிருப்பார்!

பாட்டில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்கா கண்டுபிடிக்கக் கப்பலேறிய கொலம்பஸ்கூட என்னிஸிலிருந்து கில்கீக்கு ரயிலில் போக முயன்றதில்லை என்று ஆரம்பிக்கிறார். காலை எட்டு மணி வண்டிக்கு அரக்கப்பரக்க ஓடிவந்த பயணி, வந்து ஒரு மணி நேரம் சும்மா நிற்கிறார். என்ஜின் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறார்கள். கோரஃபின் ஸ்டேஷனில், எதிரே சரக்கு வண்டி வருகிறது என்று பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கிப் போடுகிறார்கள். அந்தச் சரக்கு வண்டி எப்போது வருமோ, வழியில் படுத்துவிடுமோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். லஹிஞ்சில் கடல் மின்னுவதைப் பார்த்துப் பயணிகள் குதூகலிக்கும்போது கரி தீர்ந்து நெருப்பு அணைந்துபோகிறது. இறங்கிப் போய்ச் சுள்ளி பொறுக்கி வாருங்கள் என்கிறார் ஃபயர்மேன். மேட்டில் எல்லாரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பல்லவியில் அதே கேள்வி: என்ன மைக்கேல், போகலாமா? மைக்கேலிடமிருந்து ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது.

கைவண்ணத்தைக் கவனியுங்கள். நிஜத்தில் பாய்லர் வெடிக்காமல் இருக்க வண்டியை நிறுத்தினார்கள். பாட்டில் எரிக்க ஒன்றும் இல்லாததால் நெருப்பு தானாகவே அணைந்துபோகிறது. பாசி என்ற சொல்லே பாட்டில் இல்லை. உண்மைக் காரணத்தைச் சொன்னால் கேட்பவர் ‘அடடா’ என்பார், சிரிக்கமாட்டார். நடந்த ஊரையும் மாற்றிவிட்டார். மில்டவுன் மல்பேக்குப் பதில் கோரஃபின், லஹிஞ்ச், என்னிஸ்டைமன். ஒரே ஒரு நாளில் ஒரே ஓர் இடத்தில் நடந்த கோளாறை எடுத்து, தடம் முழுக்கத் தூவி, தினசரி வழக்கமாக ஆக்கிவிட்டார். கம்பெனிப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அநியாயம்தான். ஆனால், பாட்டு தெரிந்த ஒருவரும் ‘நஷ்ட ஈட்டு வழக்கு எண் இத்தனை’ என்பதை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

மைக்கேல் என்ற பெயர் மைக்கேல் டால்ட்டி என்று அந்தத் தடத்தில் வேலை பார்த்தவருடையது என்பார்கள். பாட்டு முழுக்க நன்றாகப் பார்த்தால் அவர் மேல் ஒரு கடுஞ்சொல்கூட விழவில்லை. கேள்வி கேட்கப்படும் மனிதர், அவ்வளவுதான்.

காற்றும் கடனும்

வெஸ்ட் கிளேரை அவ்வளவு எளிதாகக் கிண்டல் செய்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. தண்டவாள அகலம் மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜைவிடக் குறுகல். கிழக்கே என்னிஸில் தொடங்கும் பாதை நேராகக் கில்கீக்குப் போகாது. வடமேற்கே ஏறி, கோரஃபின், என்னிஸ்டைமன் தொட்டு, லஹிஞ்சில் கடலைப் பார்த்து, கரையோரமாகத் தெற்கே இறங்கி, மொயாஸ்டா என்ற சந்திப்பில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கில்ரஷ், ஒன்று கில்கீ. ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டிக்காக ஒதுங்கி நிற்பது பாட்டுக்காரரின் கற்பனை இல்லை, அது அந்தப் பாதையின் தலையெழுத்து.

இப்படி ஏன் கட்டினார்கள் என்றால், பணம். 1883-ல் வந்த டிராம்வே சட்டம் ஒரு வினோதமான ஏற்பாடு செய்தது. ஏழை மாவட்டத்தில் யாராவது சின்ன ரயில் பாதை போட முன்வந்தால், பங்குதாரர்களுக்கு டிவிடெண்டை உள்ளூர் வரி கட்டுபவர்கள் தலையில் உறுதி செய்யலாம். ரயில் சம்பாதித்தால் நல்லது. சம்பாதிக்காவிட்டால் அந்த வட்டாரத்து விவசாயி வரியாகக் கட்ட வேண்டும். தொலைவில் இருக்கும் பங்குதாரர் கவலையில்லாமல் தூங்கலாம், தொட்டியில் பாசி படிந்தாலும் அவருக்கு வர வேண்டியது வந்துவிடும். 1885 ஜனவரி 26-ஆம் தேதி மில்டவுன் மல்பேயில் முதல் மண்ணை வெட்டியவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல், ஐரிஷ் சுயாட்சி இயக்கத்தின் முடிசூடா மன்னர். அந்த அளவுக்கு எதிர்பார்ப்போடு தொடங்கிய பாதை. 1887-ல் வண்டி ஓடத் தொடங்கியது. ஒன்பதே வருஷத்தில் அதே ஊரில்தான் ஃப்ரெஞ்சின் வண்டி படுத்துக்கொண்டது.

ஆக, பெட்டியில் உட்கார்ந்து தாமதத்தை நொந்துகொண்ட கிளேர்க்காரர் டிக்கெட்டுக்கும் காசு கொடுத்தார், நஷ்டத்துக்கும் வரி கொடுத்தார். பாட்டு அவர்களிடையே தீப்பிடித்ததற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

அத்தோடு அட்லாண்டிக் காற்று. குவில்ட்டி என்ற மீனவ ஊர்ப் பக்கம் பாதை வெட்டவெளியில் கடலுக்கு வெகு அருகே போகும். 1890-களின் கடைசியில் காற்று வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தள்ளியே விட்டது. அதன் பிறகு 1909-ல் குவில்ட்டி ஸ்டேஷனில் காற்றுவேகமானி ஒன்றைப் பொருத்தினார்கள். வேகம் மணிக்கு 60 மைலைத் தொட்டால், பாரம் ஏற்றிக் கனமாக்கிய பெட்டிகள் மட்டுமே போகலாம்; அதற்கென்று ஸ்டேஷன்களில் எடைக்கட்டிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். 80 மைல் என்றால் எல்லா வண்டியும் நிறுத்தம். தாமதம் ஆகத்தான் செய்யும். ஆனால், காற்றைப் பற்றியும் பாட்டில் ஒரு வரி கிடையாது. சொன்னால் கம்பெனிக்குச் சாக்குக் கிடைத்துவிடுமே!

இன்னொரு குற்றச்சாட்டு கம்பெனி மேல் அல்ல, பாட்டின் மேல். ஆங்கிலேய மேடைகளில் ஐரிஷ்காரன் என்றால் குடிகாரன், மந்தபுத்திக்காரன், வாயாடி என்று ஒரு கோமாளி வார்ப்பு வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தது. 1893-ல் கேலிக் லீக் தொடங்கி, மொழியும் மானமும் பேசப்பட்ட காலத்தில், நிலப்பிரபு வீட்டுப் பிள்ளை ஒருவர் கிளேர்க்காரர்களின் உச்சரிப்பில் பாடி லண்டன் சீமாட்டிகளைச் சிரிக்க வைத்தால் சும்மா இருப்பார்களா? ஃப்ரெஞ்ச் 1900-லேயே லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவருடைய சில பாட்டுகளில் இந்தக் குற்றச்சாட்டு ஒட்டத்தான் செய்கிறது. மைக்கேல் பாட்டில் ஒட்டவில்லை என்பது என் கட்சி. அதில் கேலிக்கு ஆளாவது ஓர் ஏற்பாடு. பயணிகள் முட்டாள்கள் இல்லை, மாட்டிக்கொண்டவர்கள். பாடுகிறவரும் அதே பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரும் இறங்கிச் சுள்ளி பொறுக்க வேண்டும்.

ஃப்ரெஞ்ச் 1920 ஜனவரியில் கிளாஸ்கோவில் நிகழ்ச்சிக்குப் போன இடத்தில் நோய்வாய்ப்பட்டு, இங்கிலாந்தின் ஃபார்ம்பி என்ற ஊரில் 24-ஆம் தேதி இறந்தார். மெட்டமைத்த காலிசன் அடுத்த ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். பாட்டுகள் கொஞ்ச காலம் தூசி படிந்து கிடந்தன. 1950-களிலும் 60-களிலும் பிரெண்டன் ஓ’டௌடா என்ற பாடகர் மேடைக்கு மேடை பாடி, இசைத்தட்டுகளாகவும் கொண்டுவந்து அவற்றை மறுபடி வீட்டுக்கு வீடு சேர்த்தார். 1957-ல் ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு தன் ‘த ரைசிங் ஆஃப் த மூன்’ படத்தில், ஒரு நிமிஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பவே கிளம்பாத ரயிலைப் பற்றிய ஒரு பகுதியை எடுத்தார். படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த ஸ்டேஷன்? கில்கீயேதான்.

வேடிக்கை என்னவென்றால் அந்த வருஷங்களில் வெஸ்ட் கிளேர் திருந்திவிட்டிருந்தது. 1952-ல் டீசல் ரயில்கார்கள் வந்தன, 1955-ல் டீசல் என்ஜின்கள் வந்தன. பாய்லரும் இல்லை, பாசியும் இல்லை, சுள்ளி பொறுக்கும் வேலையும் இல்லை. பயண நேரமும் குறைந்தது. ஆனால், அதற்குள் பஸ்ஸும் லாரியும் காரும் கூட்டத்தைக் கொண்டுபோய்விட்டன. சிரிப்பாகச் சிரித்த காலத்தில் நிரம்பி வழிந்த வண்டி, ஒழுங்காக ஓடிய காலத்தில் நஷ்டத்தில் ஓடியது. 1961 ஜனவரி 31-ஆம் தேதியோடு சேவையை நிறுத்தினார்கள். அயர்லாந்தின் குறும்பாதைப் பயணிகள் ரயில்களில் கடைசியாக மிஞ்சியிருந்தது அதுதான்.

தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றார்கள். 1892-ல் கிளாஸ்கோவில் செய்த ‘ஸ்லீவ் கல்லன்’ என்ற 5-ஆம் எண் என்ஜினை மட்டும் என்னிஸ் ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் மழையில் நனைந்துகொண்டு நின்ற அந்த என்ஜினை ஆர்வலர்கள் பழுதுபார்த்து, 2009-ல் மொயாஸ்டாவுக்குக் கொண்டுவந்து, அங்கே மறுபடி போட்ட சிறு பாதையில் ஓட வைத்தார்கள். ஃப்ரெஞ்ச் அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்ட காலத்தில் அது நாலு வயசுக் குழந்தை. மில்டவுன் மல்பேயில் பாசி குடித்தது இதுவாக இருக்குமோ என்று கேட்டு வைக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய மைக்கேல்தான் இல்லை.